புதிதாக எதுவும் வராத வருஷம்

பொன்மலை
9.1.2025

பெலிண்டா,

உறையின் பின்பக்கம் பெயர் போடாமல் அனுப்புகிறேன். போட்டால் பிரிக்காமலே குப்பையில் போடுவாய், உன் கோபம் எனக்குத் தெரியாதா? போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் கலரில் ஒரு பொம்மைத் தலை மட்டும் இருக்கிறது. நெட்வொர்க் கோளாறு என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பையன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, அத்தை உங்கள பிளாக் பண்ணிட்டாங்க" என்று சிரிக்கிறான். உன் அண்ணனைப் பேசச் சொன்னால், "நாத்தனாரும் அண்ணியும் உங்களுக்குள்ள பாத்துக்கங்க, என்னைய இழுக்காதீங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு துவாக்குடிக்கு வெல்டிங் அடிக்கக் கிளம்பிவிட்டார். ஸ்ரீரங்கம் என்ன சீமையா, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் நீ கதவைத் திறக்காவிட்டால் அந்த லிஃப்ட் பக்கத்தில் நின்று நான் அழுதுவிடுவேன். உன் அபார்ட்மெண்ட்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால்தான் தபால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் நான் பார்த்தபடி சொல்கிறேன், கேள். வருஷக் கடைசி நன்றிப் பூசை. எதற்காக நன்றி என்று அவரவர் எழுதிக் கொடுத்த கருத்துகளை லூர்துராணி டீச்சர் மைக்கில் வாசிக்கிறார். மகனுக்குக் கனடா விசா கிடைத்ததற்கு நன்றியாக ஒரு குடும்பம். புது கார் வாங்கியதற்கு நன்றியாக இன்னொரு குடும்பம். பிறகு என்னுடையது. "இந்த வருடம் எங்கள் வீட்டுக்குப் புதிதாக எதுவும் வராததற்கு நன்றியாக, லிசி அற்புதசாமி குடும்பத்தார்." டீச்சர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாளை இன்னொரு தடவை பார்த்தார். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்ததே உன்னுடையது. ஸ்ரீரங்கத்தில் புதிய ஃப்ளாட் வாங்க அருள்புரிந்ததற்கு நன்றியாக, பெலிண்டா சவரிமுத்து குடும்பத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், உன்னுடையது எனக்கு அடுத்து வரும் என்று எனக்குத் தெரியாது. நீ அன்றைக்குக் கருத்து கொடுத்திருப்பதே தெரியாது. உன்னைக் குத்திக்காட்ட எனக்கு என்ன தலையெழுத்தா?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

லிசி

*

ஸ்ரீரங்கம்
18.1.2025

அண்ணிக்கு,

திட்டியாவது எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் இந்தத் தெருவுக்குத் தபால்காரராலேயே வர முடியவில்லை. உங்கள் கடிதம் பொங்கலுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெயர் போடாவிட்டால் தெரியாதா என்ன?

பூசை முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் என்னிடம் வந்து கைகுலுக்கினார்கள். வாழ்த்துவதற்கு அல்ல, வேடிக்கைக்கு. "உங்க அண்ணி ஏன் அப்படிக் குடுத்துட்டாங்க? உங்களுக்குள்ள ஏதாவதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? புது வீடு வாங்கிய சந்தோஷத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவள், திருடி மாதிரி ஆட்டோ ஏறி ஓடினேன்.

அதைக்கூட விடுங்கள். எனக்கு ஆறாதது வேறு. அண்ணனை ஷார்ஜாவுக்கு அழைத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். அங்கே இருக்கும் என் வீட்டுக்காரர் தன் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையைப் பிடித்தார். விசா நல்லபடியாக வர வேண்டும் என்று நானும் நீங்களும் பாலக்கரை சகாய மாதா கோயிலில் ஒன்பது புதன்கிழமை நவநாள் செய்தோமே, மறந்துவிட்டதா? முட்டி தேய தேய இருந்தேன் உங்கள் பக்கத்தில். மெட்ராஸில் விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட்டில் அண்ணனை அன்ஃபிட் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு உங்களைவிட நான் அதிகமாக அழுதேன். ஒரு மாதம் போகவில்லை, புதிதாக எதுவும் வராததற்கு நன்றி என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஒன்பது புதன்கிழமையும் யாரை ஏமாற்றினீர்கள்? மாதாவையா, என்னையா?

இன்னும் ஒன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. கருத்து வாசித்தபோது நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவில்லை. வயிற்றெரிச்சலில் எழுதிக் கொடுத்தவர்களின் முகம் எனக்குத் தெரியும், அது அப்படி இருக்காது. நீங்கள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பு எதற்கு? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

பெலிண்டா

*

பொன்மலை
23.1.2025

பெலிண்டா,

ஐயோ, நீ திட்டியதைப் படித்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதியும் வரட்டும் என்று முழுக்கதையும் எழுதுகிறேன்.

உன் அண்ணன் மெட்ராஸிலிருந்து திரும்பிய அன்று நான் வாசலிலேயே நின்றேன். சின்ன வயசில் வந்த டி.பி.யின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது என்று போனிலேயே சொல்லியிருந்தார். மனுஷன் உடைந்துபோய் வருவார், என்ன சொல்லித் தேற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவரோ கையில் கொய்யாப்பழப் பையோடு, புதுமாப்பிள்ளை மாதிரி வருகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னங்க, கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கா?" என்றேன். கொய்யாவை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தூவித் தட்டில் வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் சொன்னார். "கோவிச்சுக்காத லிசி. நீயும் பெலிண்டாவும் அங்க விசா வேணும்னு வேண்டிக்கிட்டிருந்தீங்கல்ல, நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்து வேணாம்னு வேண்டிக்கிட்டேன்."

கேட்டாயா கூத்தை! நீயும் நானும் முன்னால் முட்டி தேய்த்துக்கொண்டிருக்கிறோம், அவர் பின்னால் உட்கார்ந்து அதையே அழித்துக்கொண்டிருக்கிறார். மாதா யார் பேச்சைக் கேட்பாள், பாவம்? அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு ணங்கென்று வைத்தேன். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து, அடுப்படி வாசலிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார். வெயிலில் கருத்த முகம், கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். மிளகு எடுக்க நான் அலமாரி டிராயரை இழுத்தேன். அது வழக்கம்போல் மாட்டிக்கொண்டது, நான் வழக்கம்போல் ஒரு தட்டு தட்டினேன். உடனே எனக்கு உன் அடுப்படி ஞாபகம் வந்தது. முதல் தடவை உன் ஃப்ளாட்டைப் பார்க்க வந்தபோது, அந்த டிராயர்களைத் தள்ளிவிட்டால் தானாகவே மெல்லப் போய் மூடிக்கொள்ளுமே, நீ ஹாலில் இருந்தபோது நான் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பார்த்தேன். எனக்கும் இது வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன். அவ்வளவு பொறாமையாக இருந்தது பெலிண்டா, உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்புறம்தான் ஷார்ஜா ஆசையே வந்தது.

ஆக நடந்தது என்ன? ஒரு டிராயர் சத்தமில்லாமல் மூட வேண்டும் என்பதற்காக, இந்த மனுஷனைக் கடல் தாண்டி அனுப்பச் சொல்லி மாதாவிடம் ஒன்பது வாரம் மன்றாடியிருக்கிறேன். நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திடுக்கிட்டு எழுந்து, "என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல, படுங்க" என்றேன். அப்போது நெஞ்சுக்குள் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? யாரோ என் கையில் இருந்த மூட்டையை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆண்டவரே, நான் கேட்டதைக் கொடுக்காமல் விட்டீரே என்று அந்த இடத்திலேயே நன்றி சொன்னேன். பூசையில் வந்த சிரிப்பும் அதுதான். உன்னை நினைத்து அல்ல.

லிசி

*

ஸ்ரீரங்கம்
3.2.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் டிராயரை நானே நாலு தரம் இழுத்து மூடிப் பார்த்தேன். இதில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு பொறாமைப்பட்டீர்கள்? அண்ணன் பின் பெஞ்சில் செய்த வேலைக்கு அவருடன் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

கோபம் பாதி போய்விட்டது. ஆனால் இப்போது வேறு குடைச்சல். அந்த நிம்மதி என்பது என்ன என்று எனக்குப் புரியவில்லை. நானும் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிறேன். எனக்கு ஏன் அப்படி எதுவும் வருவதில்லை? காலையில் எழும்போதே வருமா? அழுதால் வருமா? இருப்பதை எல்லாம் தூக்கிக் கொடுத்தால்தான் வருமா? கிண்டல் செய்வதாக நினைக்காதீர்கள். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

நானாகவே ஒரு சோதனை செய்தேன். ஒரு வாரம் எதுவுமே வாங்குவதில்லை என்று இருந்து பார்ப்போம் என்றால், மூன்றாம் நாளே போனில் ஆஃபர் வந்தது. ஏர் ஃப்ரையர் வாங்கிவிட்டேன். அதில் எதைப் பொரிப்பது? இந்த அபார்ட்மெண்டில் மீன் வாசனை வந்தால் அசோசியேஷன் செக்ரட்டரி மணியடித்து, ரொம்ப மரியாதையாக, "மேடம், கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். அதனால் அப்பளம் பொரித்தேன்.

நேற்று பக்கத்து வீட்டு ஆனந்தவள்ளி மாமி கோலமாவு வாங்க வந்தவர், ஹாலில் தொங்கும் எங்கள் கல்யாணப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உங்காத்து மாமா எப்போ வரார்?" என்று கேட்டார். "அடுத்த வருஷம்" என்றேன். மாமி போய்விட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அண்ணி, எனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாகிறது. ஒவ்வொரு வருஷமும் யார் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். முதலில் தன் தங்கச்சி கல்யாணம் முடிந்ததும் வருகிறேன் என்றார். பிறகு நகை மீட்டதும். பிறகு இந்த ஃப்ளாட் முடிந்ததும். ஃப்ளாட் முடிந்துவிட்டது. இப்போது கார் ஒன்று வாங்கிவிட்டு, மகள் ஸ்டெஃபியை மெடிக்கல் காலேஜில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொன்றையும் கேட்டது நான்தான். கேட்கக் கேட்க வாங்கிக் கொடுத்தார்.

காவிரி தெரிகிற பால்கனி. மாமி அதைப் பார்த்து, "பாக்கியம்" என்கிறார். சாயங்காலம் அங்கே ஒற்றையாக உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்தால் தெரியும்.

பெலிண்டா

*

பொன்மலை
8.2.2025

பெலிண்டா,

என்னை என்ன புனிதை என்று நினைத்துவிட்டாயா? நிம்மதி வந்தது உண்மை. ஆனால் அது வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளவில்லை. போன வாரம் இவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் வீட்டில் இருந்தார். அஞ்சாம் நாள் நான், "அன்னைக்கே போயிருந்தா இந்தப் பாடு உண்டா?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா பார். அவர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடு. அது காலையில் வாங்குகிற பால் மாதிரி. நேற்று வாங்கியதை இன்றைக்கு வைத்துக்கொள்ள முடியாது, திரிந்துவிடும். தினமும் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. "ஆண்டவரே, இன்னைக்கு இருக்கறது போதும்னு தோண வையும்" என்று கேட்பேன். சில நாள் கிடைக்கிறது. சில நாள் வெறும் பாத்திரத்தோடு வருகிறேன். பொருளை எல்லாம் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? உன் டிராயர் என்ன பாவம் செய்தது?

நான் இதில் உனக்குச் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. ஃப்ளாட் கேட்டாய், கிடைத்தது, நன்றி சொன்னாய். நியாயம்தான். ஆனால் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சைத் தொட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கடைசியாக எப்போது கேட்டாய்? சவரிமுத்து அண்ணனிடமாவது அதைச் சொல்லியிருக்கிறாயா?

உன் அண்ணன் சைக்கிளைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார். நாளைக்கு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

லிசி

*

ஸ்ரீரங்கம்
5.3.2025, விபூதிப் புதன்

அண்ணி,

நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். லிஃப்டில் ஆனந்தவள்ளி மாமி, "இன்னிக்கு என்ன விசேஷம், நீங்களும் இட்டுண்டிருக்கேள்?" என்று கேட்டார். மண்ணாக இருக்கிறாய், மண்ணாகவே போவாய் என்று ஞாபகப்படுத்துகிற நாள் என்று சொன்னேன். மாமி, "அது வாஸ்தவம்தானே" என்றார்.

உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பார்த்தேன். பதில் வந்ததும் பயந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், நானாகவே போன் செய்தேன். எப்போதும் அவர்தான் செய்வார். "என்ன, ஸ்டெஃபிக்கு ஏதாவது வேணுமா?" என்றுதான் எடுத்ததும் கேட்டார். அண்ணி, என் போன் வந்தால் அவர் அப்படித்தான் நினைப்பார் போலிருக்கிறது.

"ஒண்ணும் வேணாம். நீங்க வந்துருங்க" என்றேன்.

"லீவு டிசம்பர்லதானே."

"லீவுக்கு இல்ல. மொத்தமா வந்துருங்க. கார் வேணாம். ஸ்டெஃபிக்கு எது கிடைக்குதோ அதப் படிக்கட்டும். எனக்கு நீங்க வேணும்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதே இல்லை. கேட்டதும் கோபமாகப் பேசினார். "இப்ப வந்து நான் என்ன பண்றது? இந்த வயசுல எனக்கு அங்க யாரு வேலை குடுப்பா? யாரோ உன்னையக் கிளப்பி விட்டிருக்காங்க." போனை வைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும், "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறார். ஸ்டெஃபி ஹாஸ்டலிலிருந்து, "அம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அழுகிறாள். அவளுக்கு டாக்டர் ஆக வேண்டும்.

தப்புப் பண்ணிவிட்டேனா? இருந்ததும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதீர்கள், எழுதுங்கள். போனில் எனக்கு அழுகைதான் வருகிறது. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை நீங்களும் அண்ணனும் ஒரே மாதிரி வேண்டிக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

பெலிண்டா

*

பொன்மலை
13.3.2025

பெலிண்டா கண்ணு,

நேற்று புதன்கிழமை, நாங்கள் இரண்டு பேரும் பாலக்கரைக்குப் போய்வந்தோம். உன் அண்ணன் முன் பெஞ்சுக்கே வந்தார். நான் பக்கத்தில் இருந்து கண்காணித்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் கேட்ட கேள்வியால் உன் குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்? பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அண்ணனிடம் கேட்டேன், "அன்னைக்கு ஏங்க வேணாம்னு வேண்டிக்கிட்டீங்க? தைரியமா, பக்தியா?" என்று. இத்தனை நாள் நான் அதைக் கேட்கவே இல்லை பார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "பக்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இல்லாம நீங்க பழகிடுவீங்களோன்னு பயம்."

சவரிமுத்து அண்ணன் காட்டிய கோபமும் அந்தப் பயம்தான் என்று இவர் சொல்கிறார். அங்கே அவர் பழகிவிட்டார், இங்கே நீங்கள் பழகிவிட்டீர்கள். திரும்பி வந்தால் தனக்கு இடம் இருக்குமோ இருக்காதோ என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடியும் அதையே சொல், பெலிண்டா. கெஞ்சாதே, சண்டை போடாதே. அதே வார்த்தையைச் சொல். கேட்டுக் கேட்டு அவர் நம்பட்டும்.

லிசி

*

ஸ்ரீரங்கம்
11.6.2025

அண்ணி,

வந்துவிட்டார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே வார்த்தையைச் சொன்னேன். முதலில் வைத்துவிடுவார். பிறகு வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். பெரிய வெள்ளியன்று, "உண்மையாத்தான் சொல்றியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான். நேற்று ஏர்போர்ட்டில் அண்ணனும் நீங்களும் வந்து நின்றீர்களே, உங்கள் முன்னால் எனக்கு எதுவும் பேச வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறேன் என்று அவர் சிரிக்கிறார்.

அடுத்த மாசம் என்ன செய்வோம் என்று தெரியாது. கார் இல்லை. ஸ்டெஃபி இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, அவள் வழிக்கு வர நாளாகும், அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும் இன்று காலையில் ஜெபமாலையை எடுத்தபோது கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மணியை உருட்டிக்கொண்டே சும்மா இருந்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது. நீங்கள் சொன்னது இதுதானா?

ஜெபமாலை முடிந்து அடுப்படிக்குப் போனால், எனக்கு முன்னாலேயே அவர் டீ போட்டுக்கொண்டிருக்கிறார். பாலைப் பொங்கவிடாமல் கரண்டியால் கிளறிக்கொண்டே நிற்கிறார், ஹோட்டல் மாஸ்டர் மாதிரி. இவருக்கு டீ போடத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. லீவில் வருகிற முப்பது நாளும் விருந்தாளியாகத்தான் இருப்பார், நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குச் சர்க்கரை எவ்வளவு?"

"ஒரு ஸ்பூன்" என்றேன். "உங்களுக்கு ரெண்டுதானே?"

"எனக்கு வேணாம்" என்றார். "நாலு வருஷமா வேணாம்."

"சுகரா?"

தலையை மட்டும் ஆட்டினார். "அங்க இருந்துக்கிட்டு இதச் சொல்லி உன்னையப் பயமுறுத்துவானேன்னு விட்டுட்டேன்."

அண்ணி, போன லீவிலும் அதற்கு முந்தின லீவிலும் ரெண்டு ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி ஆசையாக நீட்டினேன். ஒரு வார்த்தை சொல்லாமல் எல்லாவற்றையும் குடித்திருக்கிறார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அழுவுற, கார் வாங்கலன்னா?" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

இவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எதற்குப் பயப்படுவார், ராத்திரி லைட்டை அணைத்தால் தூங்குவாரா அணைக்காவிட்டால் தூங்குவாரா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்கப் போகிறேன். டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறார். போகிறேன்.

பெலிண்டா